மிசின் முழித்திருந்த நேரம்

திண்டிவனத்தில், மரக்காணம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே ஒரு போர்ஷன். அதில் இரண்டு வருஷம் போலக் குடியிருந்தவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "இதுல எதெல்லாம் நீங்க நேர்ல பாத்தது, எதெல்லாம் நீங்களா சேத்தது?" என்று போன் போட்டுக் கேட்பாள்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கு, வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன்.

"எவ்ளோ நாள் இருப்ப?"

"தெரியாதுக்கா."

"தண்ணி நெறைய செலவு பண்ணுவியா?"

"இதுக்கு முன்னாடி இருந்த வீட்ல யாரும் அளந்து பாக்கலக்கா."

குறும்புக்காரப் பொண்ணு என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் குறும்புக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிய ஒரு மாசம் ஆனது. தான் பார்த்ததற்கும் கேட்டதற்கும் மேலே ஒரு சொல் சொல்ல மாட்டாள். அது ஒரு வியாதி மாதிரி அவளுக்கு இருந்தது.

ஒருநாள் கடை வாசலில் நின்றிருந்தாள். பஸ்சுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், "விழுப்புரம் வண்டி கூட்டேரிப்பட்டுல நிக்குமா பாப்பா?" என்று கேட்டார்.

"நேத்து நான் வந்தப்ப நின்னுச்சு" என்றாள்.

பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். "நிக்கும், தைரியமா ஏறு" என்றேன். நின்றதா இல்லையா, யார் கண்டது? பெரியவர் திரும்பி வந்து சண்டை போடவில்லை. கடை வைத்திருப்பவளுக்கு அது போதும். என்னிடம் கேள்வி கேட்டவர் யாரும் பதில் இல்லாமல் திரும்பிப் போனது கிடையாது.

அவள் முகையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்த்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். படித்துப் படித்து டாக்டர் பட்டம் வரைக்கும் போய்விட்டாள். கூரியரில் வருகிற டப்பாக்களில் பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா காய்ச்சலோடு மாடி ஏறிப் போனாள். "எனக்குக் காய்ச்சல் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். அந்த அம்மா கீழே வந்து, "இப்பிடி உண்மைய சொல்ற டாக்டர நான் பாத்ததே இல்ல" என்றாள். அதற்கப்புறம் ரெண்டு பேர் கூடுதலாக வந்தார்கள்.

அவள் வேலை, கடலுக்குள் திமிங்கலம் போடுகிற சத்தத்தைக் கேட்பது. நான் முதலில் நம்பவில்லை. ஒருநாள் மேலே கூப்பிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டாள். மாவு அரைத்து முடித்த கிரைண்டர் நிற்கப்போகும்போது ஒரு முனகல் வருமே, அந்த மாதிரி இருந்தது. உண்மையில் அது மனுஷக் காதுக்கு எட்டாத அளவுக்குக் கனத்த குரலாம். பத்து மடங்கு வேகமாக ஓட்டினால்தான் நமக்கு முனகலாகக் கேட்கும்.

கம்ப்யூட்டரில் அந்தச் சத்தங்களைப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் புள்ளி அடர்த்தியாகும். ராத்திரி முழுக்க மொய்க்கும். விடிந்ததும் கலைந்துபோகும். பகல் வெறிச்சென்று இருக்கும். மாசத்துக்கு மாசமும் வித்தியாசம் உண்டு. மாசி பங்குனியில் ஒரே சத்தம், ஆடியில் ஆளே இல்லாத மாதிரி.

"ராத்திரில இன்னாத்த பேசுதுங்க?" என்றேன்.

"தெரியாதுக்கா."

"பகல்ல ஏன் வாய மூடிக்குது?"

"தீனி தேடப் போகுதுன்னு சில பேர் சொல்றாங்க. நான் பாக்கல."

"எங்க வூட்டு ஆளும் சாப்புடறப்ப பேசாது" என்றேன். அதையும் அவள் ஒரு தகவல் மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவளுடைய மேலதிகாரி எங்கோ தூரத்தில் இருந்தார். போனில் அவரோடு நடக்கிற சண்டை மாடிப்படி வரைக்கும் கேட்கும். "இந்தக் கடலில் திமிங்கலங்கள் மாசி மாதத்தில் கூடுகின்றன" என்று ஒரு வரி எழுதச் சொன்னார் அவர். இவள், "இந்த ஒரு இடத்தில், இந்த ஒரு வருஷத்தில், எங்கள் மிசின் முழித்திருந்த நேரத்தில், சத்தம் கூடியது" என்று எழுதினாள். "சத்தந்தான் சார் கூடுச்சு. திமிங்கலம் கூடுச்சான்னு தெரியாது. அதே திமிங்கலம் கொஞ்சம் அதிகமா பேசியிருக்கலாம்." 

கல்யாணப் பேச்சும் அப்படியே. விழுப்புரத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. முகையூரிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நான்தான் கேசரி கிண்டினேன். பையனுடைய அம்மா ஆசையாக, "பையனைப் புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள். இவள், "இப்பதானே ஆன்ட்டி பாத்தேன்" என்றாள். சரி, அதுகூடப் பரவாயில்லை. "எங்க வீட்ல அனுசரிச்சுப் போயிடுவ இல்ல?" என்றதற்கு, "உங்க வீட்டைப் பத்தி இன்னும் எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றாள். கேசரியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் போன் வரவில்லை. அவள் அப்பா என் கடையில் வந்து உட்கார்ந்து, "சின்னதுலயே இப்பிடித்தாங்க. பரீட்சை எப்பிடி எழுதுனன்னு கேட்டா, இன்னும் திருத்தலப்பான்னும்" என்றார்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஏழுமலை வந்து நின்றான்.

ஏழுமலைக்கு மரக்காணம் தாண்டி ஒரு கடலோரக் குப்பம். மீன் பிடிக்க ஒரு பைபர் படகு வைத்திருந்தான், அதைப் போட்டு என்பான். அவனும் அவன் தங்கச்சி செல்வியின் புருஷனும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். இவளுடைய மிசினைக் கடலில் இறக்குவதும் எடுப்பதும் அந்தப் போட்டில்தான். மிசின் என்றால், கை நீளத்துக்கு ஒரு குழாய். உள்ளே பேட்டரியும் சத்தம் பிடிக்கிற கருவியும். கான்கிரீட் கட்டையில் கட்டி அடியில் இறக்கிவிட்டு, அடையாளத்துக்கு மேலே ஒரு மஞ்சள் மிதவை விடுவார்கள். பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் அது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்காது. அரை மணிக்கு ஒருதரம் முழித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கேட்கும். மறுபடி தூங்கிவிடும். போட்டுக்குப் போகிற நாட்களில் இவளுக்குச் சாப்பாடு செல்வி வீட்டில். சங்கரா மீன் குழம்பு. "நல்லா இருக்கா மேடம்?" என்று செல்வி கேட்டால், "எனக்கு நல்லா இருக்கு" என்பாள். செல்வி அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த மாசியில் ஒருநாள் போட்டு கவிழ்ந்துவிட்டது. ஏழுமலை பிழைத்தான். செல்வியின் புருஷன் பிழைக்கவில்லை.

விடிந்த பிறகு, அந்த மஞ்சள் மிதவைக்குப் பக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு வலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, அடியிலிருந்து பெரிய மீன் ஒன்று எழும்பிப் போட்டைத் தூக்கிப் போட்டது என்று ஏழுமலை சொன்னான். திமிங்கலத்தை அவர்கள் பெரிய மீன் என்றுதான் சொல்வார்கள். கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டானாம். முழுகிப் பார்த்தானாம், முடியவில்லையாம். வேறு போட்டு வருகிறவரைக்கும் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே இருந்தானாம். வந்தவர்கள் போட்டை நிமிர்த்தியபோது மச்சான் அடியில் வலையோடு சிக்கிக் கிடந்தான்.

குப்பத்தில் யாரும் இதை நம்பவில்லை. வேகமாகத் திருப்பிக் கவிழ்த்துவிட்டான் என்றார்கள். குடித்திருந்தான் என்றார்கள். மச்சான் அடியில் கிடக்க இவன் மேலே ஏறி உட்கார்ந்திருந்தான் என்றார்கள். இந்தக் கடைசிப் பேச்சு செல்வி காதுக்குப் போனது. அவள் அண்ணனுக்குக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஏழுமலை மாடி ஏறி வந்தபோது நானும் மேலேதான் இருந்தேன். வாசல்படியிலேயே நின்றான்.

"மேடம், பெரிய மீனுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நீங்க படிச்சவங்க. கேப்பாங்க."

"மிசினை எடுத்துக் கேட்டாத்தான் சொல்ல முடியும்."

வேறு போட்டில் போய் மிசினை எடுத்து வந்தாள். ஒரு வாரம் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. பிறகு ஏழுமலையைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"இன்ஜின் சத்தம் விடியறதுக்கு முன்னாடி வருது. அப்புறம் நின்னுடுது. நீங்க நிறுத்திட்டுதான் இருந்தீங்க. அது இருக்கு. போட்டு கவுந்தது மிசின் தூங்கின நேரம். அது இல்ல."

"பெரிய மீனு?"

"ராத்திரி பூரா கத்திக்கினு இருந்துச்சு. விடிஞ்சதும் நிறுத்திடுச்சு. தினமும் அப்படித்தான் நிறுத்தும். நிறுத்தினப்புறம் எங்க இருந்துச்சுன்னு தெரியாது. கத்தினப்பவும் கிட்ட இருந்துச்சா, ரொம்ப தூரத்துல இருந்துச்சான்னு ஒரு மிசினை வெச்சு சொல்ல முடியாது."

"அங்க இருந்துச்சா, இல்லியா மேடம்?"

"இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

ஏழுமலை கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கு எங்க ஊர்க்காரங்களே பரவால்ல மேடம். அவங்களாச்சும் ஒண்ணா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா உன் சொத்தா போயிடும்? மீனு வந்து கேஸ் போடப் போவுதா?" என்று கத்தினேன்.  அன்று ராத்திரி கொடுத்தனுப்பிய இட்லி அப்படியே திரும்பி வந்தது.

ரெண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டாள். "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்க கேட்டுட்டு சொல்லுங்க" என்று காதில் மாட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் டொம் என்று ஒரு சத்தம். டொம். டொம். அதற்கு நடுவில், லேசாக, டக். மறுபடி டொம். டக்.

 காதில் இருந்ததைக் கழற்றி வீசினேன்.

"முதல்ல மிசின் கயிறு எதுலயோ மோதுதுன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றாள். "இது போட்டு கவுந்தப்புறம் மிசின் முழிச்சப்ப. அதுக்கு அடுத்த தடவை முழிக்கறப்ப கனமான சத்தம் மட்டும் இருக்கு. லேசானது இல்ல. அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் கனமானது இருக்கு. வேற இன்ஜின் சத்தம் வருது. அதோட நின்னுடுது."

"அய்யோ, உள்ள இருந்து அவன் தட்டியிருக்கான்டி."

"தெரியாதுக்கா."

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்கு!"

அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்துத் தெருவே அவளுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இன்னொரு மிசினைப் போட்டுவிட்டு, தொட்டியைக் கையால் தட்டினாள். டப்பாவால் தட்டினாள். உள்ளே டப்பாவை மிதக்கவிட்டுத் தண்ணீரை அலைய வைத்தாள். வெயிலில் மூன்று நாள் இதேதான். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற எனக்கே அவளைத் தடுக்க வாய் வரவில்லை. கடைசியில் கீழே வந்து ஜெராக்ஸ் மிசின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"டப்பா தானா மோதினாலும் அப்படித்தான் கேக்குது. கையால தட்டினாலும் அப்படித்தான் கேக்குது" என்றாள்.

"சரி. செல்விகிட்ட இதையெல்லாம் சொல்லித் தொலைக்காத."

"கேட்டா?"

"கேட்டா, ஒரு சத்தந்தான் இருக்குன்னு சொல்லு. அண்ணன் கடைசி வரைக்கும் தட்டுனான்னு சொல்லு. அது உண்மதானே? இன்னொண்ண வுட்டுடு."

அவள் ஜெராக்ஸ் மிசினின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

பங்குனி வெயிலில் ஒருநாள் செல்வியே வந்துவிட்டாள். நிவாரணத்துக்குக் கொடுக்க ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "மேடம் மேல இருக்காங்களாக்கா?" என்றாள். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாடியில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் கூடவே ஏறினேன்.

செல்வி உட்காரவில்லை. "எங்கண்ணன் இங்க வந்துச்சாமே. இன்னா சொன்னீங்க அதுகிட்ட?"

இவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். இன்ஜின் நின்றிருந்தது. மீனைப் பற்றித் தெரியாது.

"வேற ஒண்ணும் இல்லியா மேடம்?"

நான் செல்விக்குப் பின்னால் நின்றுகொண்டு வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் செல்வியிடம், "வேற ஒண்ணு இருக்கு" என்றாள். "தட்டற சத்தம். ஒருதரம் கேட்டுட்டா, கேக்காத மாதிரி ஆக முடியாது. வேணாம்னா இப்பவே போயிடுங்க. நான் என்னிக்கும் தப்பா நெனைக்க மாட்டேன்."

"போடுங்க" என்றாள் செல்வி.

இவள் செல்வி காதில் மாட்டிவிட்டாள். செல்வி நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அடுத்த பதிவு. அதற்கு அடுத்தது. கடைசியில் இன்ஜின் சத்தம் வருகிற பதிவு வரைக்கும் கேட்டாள். பிறகு முதல் பதிவை இன்னொரு தரம் போடச் சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பெரிய சத்தம் எங்கண்ணனா?"

"யாருன்னு சத்தம் சொல்லாது. ஆனா மிசின் முழிச்சிருந்த நேரமெல்லாம் அது இருந்துச்சு. வேற போட்டு வர்ற வரைக்கும்."

"இந்தச் சின்னது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போட்டுக்குள்ள டப்பா ஏதாவது அலையில மோதினதா இருக்கலாம். அவரா இருக்கலாம்" என்றாள். "மூணு நாள் தட்டிப் பாத்தேன் செல்வி. எனக்குத் தெரியல."

 அவள் தெரியாது என்று சொல்லி நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். பஸ்சைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் சொன்னது வேறு. இது தெரிந்துகொள்ள என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றவள் சொன்னது. செல்விக்கும் அது புரிந்திருக்க வேண்டும். எழுந்து, இவள் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். மரக்காணம் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்ததைக் கடையிலிருந்து பார்த்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஏழுமலை வந்தான். சட்டை வெளுத்துத் தேய்த்து இருந்தது.

"தங்கச்சி வூட்டுக்கு வந்துச்சுக்கா" என்றான்.

அவன் வீட்டில் படுத்திருந்தானாம். செல்வி பஸ்சை விட்டிறங்கி நேராக அங்கே போயிருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று இவன் எழுந்து உட்கார்ந்தானாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தக் கையால தட்டுன?"

"ரெண்டு கையாலயும்தான்" என்றானாம் இவன். "சோத்துக் கையால ஓங்கித் தட்டுனேன். அது ஓயறப்ப பீச்சக் கையால. அதுல இன்னா பலம் இருக்கு. கொஞ்ச நேரத்துல போட்டு வழுக்க ஆரம்பிச்சிடுச்சு, பீச்சக் கையால போட்டப் புடிச்சிக்கினேன். அப்புறம் ஒரே கைதான்."

செல்வி அந்தப் பீச்சக் கையை, அவனுடைய இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். அன்றைக்கு அங்கேயே சோறாக்கி, அவனுக்குப் போட்டு, தானும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம். "எதுக்கு அந்தக் கையப் புடிச்சிக்கினு அழுதான்னு புரியலக்கா. வலிச்சது இந்தக் கை" என்று வலது கையைக் காட்டினான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் மாடிப்படியில் சத்தம். அவள் பாதிப் படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள்.

"செல்வி வந்து கேட்டப்ப, அதுக்கு முன்னாடி உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல மேடம். வந்துச்சு, கேட்டுச்சு."

"எப்படித் தட்டினீங்கன்னு காட்டுங்க."

அவன் என்னைப் பார்த்தான். காட்டு என்றேன். கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அதில் தட்டினான். வலது கையால் மூன்று. நடுவில் இடது கையால் ஒன்று. டொம், டொம், டொம், டக். மேலே என் காதில் கேட்ட அதேதான். பஸ்சுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தரம்" என்றாள்.

தட்டினான். அவள் ஷட்டரில் காதை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியதை அவள் துடைக்கவில்லை.

"இன்னொரு தரம் ஏழுமலை."

டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்து நின்றார். ஜெராக்சுக்கு வந்த பையன்கள் வழி விட்டுத் தள்ளி நின்றார்கள். அவள் போதும் என்று சொல்லவே இல்லை. ஏழுமலையும் நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து அவனே, "கை நோவுது மேடம்" என்றான்.